கெடு வைத்த நூறு பவுண்ட்

பெல்ஃபாஸ்ட் லேன்யன் பிளேஸ் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்த பெண், "டெர்ரிக்குப் போய்வர ஒரு வீ டிக்கெட்டா?" என்று கேட்டார். வட அயர்லாந்தில் எதைச் சொன்னாலும் முன்னால் இந்த 'வீ' ஒட்டிக்கொள்ளும். சின்ன என்று பொருள். வீ டீ, வீ ரசீது, வீ நடை. நம் ஊரில் "ஒரு சின்னக் கையெழுத்து போடுங்க" என்று சொல்லித்தானே சொத்துப் பத்திரத்தையே நீட்டுகிறார்கள், அதுபோல.

2023 ஜூன் மாதம். நண்பர் வீட்டில் ஒரு வாரம் தங்கல். டெர்ரிக்குப் போக எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. திருநெல்வேலி டவுனில், வடக்கு ரத வீதியில், என் சித்தப்பா வளையல் கடை வைத்திருக்கிறார். கவரிங், ரிப்பன், பொட்டு, மருதாணி. 2020 மார்ச் 24 சாயங்காலம் ஷட்டரை இறக்கியவர், அடுத்த இரண்டு வருடத்தில் அதை எத்தனை முறை ஏற்றி இறக்கினார் என்பதற்கு அவரிடமே கணக்கு இல்லை. 2020-லும் 2021-லும் நெல்லையப்பர் ஆனித்தேர் ஓடவில்லை. தேர் ஓடாத வருடம் வளையல் கடைக்கு என்ன வருடம்? "வெளிநாட்டுல கடைக்காரனுக்கெல்லாம் கவர்மெண்டு அள்ளிக் குடுத்தானாமே, பாத்துட்டு வந்து சொல்லுல" என்றுதான் என்னை அனுப்பிவைத்தார்.

முந்தின நாள் பெல்ஃபாஸ்டின் நடுவூரைச் சுற்றியிருந்தேன். காசல் பிளேஸ் மூலையில் பேங்க் பில்டிங்ஸ் என்ற பழைய கட்டடம் இருக்கிறது. பிரைமார்க் துணிக்கடை. 2018 ஆகஸ்டில் தீப்பிடித்து உள்ளே முழுக்க எரிந்துபோனது. சுவர் சரிந்து விழலாம் என்று சுற்றிலும் தடுப்பு போட்டதில், தீயே படாத பக்கத்துக் கடைகளும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தத் தெரு மூச்சு விடத் தொடங்கிய நேரத்தில் கொரோனா. கட்டடம் மறுபடி திறந்தது 2022 நவம்பரில்.

நண்பரின் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் இளைஞராக இருந்த 1970-களில் பெல்ஃபாஸ்ட் நடுவூரைச் சுற்றி இரும்பு வேலிக் கதவுகள். குண்டுக்குப் பயந்து வைத்தவை. ஒரு சட்டை வாங்கப் போனாலும் கதவில் ஒரு சோதனை, கடை வாசலில் இன்னொரு சோதனை, பையைத் திறந்து காட்ட வேண்டும். "டவுன் மூடுறது எங்களுக்குப் புதுசில்லை தம்பி. ஆனா அப்போ கதவைத் தாண்டிட்டா கடை திறந்திருக்கும்" என்றார்.

ரயில் ஆண்ட்ரிம், பாலிமீனா, கோல்ரெயின் என்று பச்சை வயல்களுக்கிடையே ஓடி, காசில்ராக் தாண்டியதும் இரண்டு சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளியே வந்தது. சட்டென்று வலது பக்கம் முழுக்கக் கடல். தலைக்கு மேலே பாறை விளிம்பில் முசண்டன் டெம்பிள் என்ற வட்ட மண்டபம், 1785-இல் ஒரு பிஷப் தன் நூலகத்துக்காகக் கட்டியது. அதை அண்ணாந்து பார்ப்பதற்குள் ரயில் போய்விடுகிறது. பிறகு ஃபாயில் கழிமுகத்தை ஒட்டியே பயணம். மொத்தம் இரண்டு மணி நேரம். ஊர்ப் பெயரில் ஒரு தகராறு உண்டு. ஒரு சாரார் டெர்ரி என்பார்கள், மறு சாரார் லண்டன்டெர்ரி. இரண்டு பெயருக்கும் நடுவில் சாய்கோடு (ஸ்ட்ரோக்) போட்டு எழுதி எழுதி, 'ஸ்ட்ரோக் சிட்டி' என்று வானொலிக்காரர் ஜெரி ஆண்டர்சன் வைத்த கேலிப்பெயரும் நிலைத்துவிட்டது. நான் நாள் முழுக்கப் பேசிய கடைக்காரர்கள் டெர்ரி என்றதால் நானும் டெர்ரி.

நிலையத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தால் 2011-இல் திறந்த பீஸ் பிரிட்ஜ். வளைந்து வளைந்து ஆற்றைத் தாண்டி, கில்ட்ஹால் முன்னே கொண்டுபோய் விடுகிறது. அதற்குப் பின்னால்தான் கோட்டைச் சுவர். 1613 முதல் 1619 வரை கட்டியது, சுற்றளவு சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர், இன்றுவரை எங்கும் அறுபடாமல் நிற்கிறது. சுவருக்குள் நுழைந்து ஷிப்கீ தெருவில் ஏறினேன். தெரு என்றா சொன்னேன்? மலையடிவாரப் படிக்கட்டில் படியை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி ஒரு ஏற்றம். மேலே 'டயமண்ட்' என்ற சதுக்கம். நான்கு பழைய வாசல்களிலிருந்து நான்கு தெருக்கள் வந்து அங்கே சேர்கின்றன. நெல்லை டவுன்காரனுக்கு இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள வரைபடம் தேவையில்லை. நாலு ரத வீதி, நடுவில் கோயில். இங்கே கோயில் இருக்க வேண்டிய இடத்தில் போர் நினைவுச் சின்னம், அவ்வளவுதான் வித்தியாசம். டெர்ரிக்காரர்களும் சுவருக்குள் போவதை "டவுனுக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

டயமண்டின் ஒரு மூலையில் ஐந்து மாடி, குவிமாடம், செதுக்கு வேலைகளோடு ஆஸ்டின்ஸ். 1830-இல் தொடங்கிய பல்பொருள் அங்காடி. உலகத்திலேயே பழமையான தனியார் பல்பொருள் அங்காடி என்று சொல்லிக்கொண்டார்கள். கீழ்த்தளக் கண்ணாடிகளை மறைத்திருந்தார்கள். மாடி ஜன்னலொன்றில் புறா. கொரோனா கொன்றது என்று நினைத்துக் குறிப்பேட்டை எடுத்தேன். எழுதுவதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் திருத்தினார்: "அது 2016-லயே செத்துப்போச்சு." நல்லவேளை. ஊரடங்கின் கணக்கில் எழுதப்படும் சாவுகளில் எத்தனை இப்படிப் பழைய சாவோ.

அங்கிருந்து ஒரு சந்தில் திரும்பினால் கிராஃப்ட் வில்லேஜ். கல் பாவிய முற்றம், சுற்றிலும் சின்னச் சின்னக் கடைகள், மேலே வீடுகள். பார்க்க முந்நூறு வருடப் பழசு போலிருக்கும், ஆனால் நம் காலத்தில் கட்டியதுதான். குண்டுகளில் சிதைந்துபோன நடுவூரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று பேடி டோஹெர்ட்டி என்பவர் முன்னின்று தொடங்கிய இன்னர் சிட்டி டிரஸ்ட் கட்டியது. ஆள் ஓடிப்போன டவுனுக்குள் ஆளை மறுபடி கூட்டிவருவதை இந்த ஊர் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கம்பளிநூல் கடைக்குள் நுழைந்தேன். பொத்தான், ஊசி, லேஸ், நூல்கண்டு. சுவர் முழுக்க மர அறைகள், அறைக்கு ஒரு நிறம். கடைக்கார அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவராம். டெர்ரி ஒரு காலத்தில் திருப்பூர் மாதிரி. காரல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலேயே டெர்ரியில் டில்லி என்பவரின் சட்டைத் தொழிற்சாலை வருகிறது: ஆலைக்குள் 1,000 பேர், சுற்றுக் கிராமங்களில் வீட்டிலிருந்தே தைப்பவர்கள் 9,000 பேர். அந்தப் பெண்கள் வெள்ளிக்கிழமை சம்பளத்தோடு நேரே இந்தத் தெருக்களுக்கு வருவார்களாம். ஆலைகள் போயின. கடைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

என் சித்தப்பா கடையைப் பற்றிச் சொன்னதும் அவர் இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"எங்களை அத்தியாவசியம் இல்லைன்னுட்டாங்க. சாராயக்கடை அத்தியாவசியமாம், திறந்திருந்துச்சு. வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த அத்தனை பேரும் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சாங்க, ஆனா நூல் அத்தியாவசியம் இல்லை!"

அவர் சொன்ன தேதிகளைப் பிறகு சரிபார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. 2020 மார்ச் இறுதியில் மூடி ஜூன் 12-இல் திறந்தார்கள். நவம்பர் 27-இல் மறுபடி மூடல். டிசம்பர் 11-இல் திறந்தது கிறிஸ்துமஸுக்காக. டிசம்பர் 26-இல் இறக்கிய கதவு 2021 ஏப்ரல் 30 வரை ஏறவில்லை. அந்த நான்கு மாதம் தொலைபேசியில் நிறம் கேட்டு, பொட்டலம் கட்டி, வாசற்படியில் வைத்துவிட்டு மணியடித்து நகர்ந்துவிடுவாராம். உதவிகள் வந்தன, மறுக்கவில்லை. சிறு வணிக மானியம் 10,000 பவுண்ட், கேட்ட சில வாரத்தில் வங்கிக் கணக்கில். ஒரே உதவியாளருக்கு ஃபர்லோ திட்டத்தில் சம்பளத்தில் 80 சதவீதத்தை அரசே கொடுத்தது. உச்சவரம்பு மாதம் 2,500 பவுண்ட். கடை வரியும் தள்ளுபடி. "பட்டினி கிடக்கலை. அது உண்மை. ஆனா உதவிப் பணம் வந்தா கடைக்கதவு மணி அடிக்காது" என்று சொல்லி, கதவுக்கு மேலே தொங்கிய பித்தளை மணியைக் காட்டினார்.

மணி அடித்தது 2021 அக்டோபரில்.

வட அயர்லாந்து அரசு அந்த இலையுதிர் காலத்தில் 18 வயது நிரம்பி, விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் 100 பவுண்ட் ஏற்றிய ஒரு அட்டையைத் தபாலில் அனுப்பியது. திட்டத்துக்கு ஒதுக்கியது 14.5 கோடி பவுண்ட். ஏறத்தாழ 14 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், மொத்த மக்கள்தொகையே 19 லட்சம்தான். அட்டையை வட அயர்லாந்தில் இருக்கும் கடையில், நேரில் போய், கையால் நீட்டித்தான் செலவழிக்க முடியும். இணையத்தில் செல்லாது. சூதாட்டத்துக்குச் செல்லாது. சில கிலோமீட்டர் தள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம் அயர்லாந்துக் குடியரசுக் கடைகளில் செல்லாது. பணமாக எடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு கெடு. முதலில் நவம்பர் 30. தபால் தாமதமாகித் தாமதமாகி, கடைசியில் டிசம்பர் 19 வரை நீட்டினார்கள். அதற்கப்புறம் அது வெறும் பிளாஸ்டிக்.

விண்ணப்பம் தொடங்கியது செப்டம்பர் 27. ஃபர்லோ முடிந்தது செப்டம்பர் 30. முதலாளிக்குக் கொடுத்த கையை எடுக்கிற வாரத்திலேயே வாடிக்கையாளர் கையில் காசைத் திணித்திருக்கிறார்கள். திட்டமிட்டதோ தற்செயலோ, இதைவிடப் பொருத்தமான வாரம் கிடைத்திருக்காது. இன்னொன்று, டெர்ரிக்கு ஹாலோவீன்தான் ஆனித்தேர். பேய் வேஷம் போட்டு ஊரே சுவரைச் சுற்றும், உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் ஆள் வரும். 2020-இல் அது நடக்கவில்லை. 2021-இல் திரும்பியபோது மக்களின் சட்டைப்பையில் அந்த அட்டை இருந்தது.

"முதல் அட்டையை யார் கொண்டுவந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

இருந்தது. ஒரு முதியவர், மனைவியை அந்த வருடம் இழந்தவர். தபால் உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்து மேசைமேல் வைத்தாராம். "இது நிஜமாவே காசுதானா பாரு" என்று கேட்டிருக்கிறார். மனைவி பாதியில் விட்டுப்போன பின்னலை முடிக்க மகளுக்கு நூல் வேண்டும். நிறம் தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து நான்கு அங்குல நீலநூல் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினாராம். கடைக்கார அம்மாள் அதை அறை அறையாக வைத்துப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார். பன்னிரண்டு பவுண்ட் சில்லறை. மீதி எவ்வளவு இருக்கிறது என்பதை உறையின் பின்புறம் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். ஏனென்றால் அட்டையில் இருப்பதைவிட ஒரு பென்ஸ் கூடுதலாக அடித்தாலும் இயந்திரம் மறுத்துவிடும். அடுத்த பத்து வாரமும் கடையில் அவருடைய பெரிய வேலை, வருகிறவர்களுக்கெல்லாம் கழித்தல் கணக்குப் போட்டுக் கொடுத்ததுதான்.

"உங்க அட்டையை என்ன பண்ணீங்க?"

"இந்தத் தெருவுலயே செலவழிச்சேன். கறிக்கடையில நாப்பது, பக்கத்துல செருப்பு ஒரு ஜோடி. செருப்புக்கடைக்காரி எங்கிட்ட நூல் வாங்கினா. அவளுக்குப் பின்னத் தெரியாது!"

நம் ஊரில் இதற்கு மொய் என்று பெயர். நீ என் வீட்டு விசேஷத்துக்கு எழுது, நான் உன் வீட்டுக்கு எழுதுகிறேன். இங்கே மொய்ப்பணத்தை அரசாங்கம் கொடுத்து, குறிப்பிட்ட நாளுக்குள் எழுதிவிட வேண்டும் என்று கெடுவும் வைத்திருக்கிறது.

மதியம் ஒரு பப்பில் உட்கார்ந்தேன். சாப்பாடு கிடையாது, குடி மட்டும். அங்கே இந்த வகைக் கடையை 'வெட் பப்' என்கிறார்கள். இவர்கள் கதை வேறு. சாப்பாடு போடும் பப்கள் 2020 ஜூலை 3-இலேயே திறந்துவிட்டன. ஆகஸ்டில் திங்கள் முதல் புதன் வரை உணவகத்தில் சாப்பிட்டால் பாதி விலையை, தலைக்கு 10 பவுண்ட் வரை, அரசு ஏற்றுக்கொண்டது. எதிர்ச்சாரியில் வரிசை நிற்க, இந்த பப்காரர் பூட்டிய கதவுக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தாராம். வெட் பப்களுக்கு அனுமதி கிடைத்தது செப்டம்பர் 23-இல்தான். பீப்பாய்களை இறக்கி, மேஜைகளுக்கிடையே தடுப்பு வைத்து, விளக்கைப் போட்டார். தொற்று ஏறியதில் டெர்ரி–ஸ்ட்ரபேன் வட்டாரத்துக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு வந்தது அக்டோபர் முதல் வாரத்தில். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. திறந்த பீப்பாயைத் திருப்பி அனுப்ப முடியாது. சாக்கடையில் ஊற்றினேன் என்று சொல்லும்போது அவர் கைகள் தானாகவே சாய்த்து ஊற்றிக் காட்டின.

நூறு பவுண்ட் அட்டையைப் பற்றி இவருக்கு நல்ல வார்த்தை இல்லை. "எங்க சனங்கள்ல பாதிப் பேர் அதைப் பெரிய சூப்பர்மார்க்கெட்லதான் தேய்ச்சாங்க. அந்தக் கம்பெனிக்காரனுக்குக் கொரோனாவுல என்ன நஷ்டம்? ஒருநாள் கடை மூடினானா?"

நியாயமான கேள்வி. திட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான். சங்கிலிக் கடைகளை விலக்கவில்லை. ஊரடங்கிலும் ஒருநாள்கூட மூடாத கல்லாக்களுக்கும் இந்தப் பணம் போனது. உள்ளூர்க் கடைகளுக்காக என்று பெயர் வைத்துவிட்டு இதைச் செய்ததை என்னால் ஒப்ப முடியவில்லை. இன்னொரு வேடிக்கை, இணையத்தில் வாங்கக் கூடாது என்று கொடுத்த அட்டைக்கு விண்ணப்பம் இணையத்தில். கணினி தெரியாதவர்களுக்கான தொலைபேசி வழி திறக்க இரண்டு வாரம் ஆனது. இதே மாதிரி நூறு பவுண்ட் அட்டையை ஒரு வருடம் முன்பே கொடுத்த ஜெர்சி தீவில் குழந்தைகளுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். நாலு பேர் குடும்பத்துக்கு நானூறு. வட அயர்லாந்து பெரியவர்களோடு நிறுத்திக்கொண்டது. குழந்தைக்குச் செருப்பு வாங்காத குடும்பம் எது?

ஆனாலும் நான் நூல்கடை அம்மாள் கட்சிதான். கடைக்காரனுக்குப் பணம் கொடுப்பது வேறு, கடைக்கு ஆள் வருவது வேறு. ஒன்றரை வருடம் வீட்டிலிருந்தே பெட்டி பெட்டியாக வரவழைத்துப் பழகிய ஜனத்தை நடக்க வைக்க வேண்டியிருந்தது. நடந்தால் கறிக்கடைக்குப் போகிற வழியில் நூல்கடை கண்ணில் படும். மானியம் இதைச் செய்யாது, கெடு வைத்த அட்டை பத்து வாரம் செய்தது. பதினோராவது வாரத்துக்கு அதனிடம் பதில் இல்லை என்பதும் உண்மை.

ஐந்தரைக்குக் கடைகள் அடைத்துவிட்டன. ஜூன் மாத வெயில் இரவு பத்து வரை அடிக்கும் ஊரில் ஐந்தரைக்கு ஏன் அடைக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. நம் டவுனில் அப்போதுதான் சந்தனம் தெளித்து விளக்கேற்றி வியாபாரமே ஆரம்பிப்பார்கள். திரும்பும் ரயிலில் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. ஆனாலும் எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பத்தாயிரம் பவுண்ட் மானியம், ஃபர்லோ, வரித் தள்ளுபடி, அட்டை.

"நமக்கும்தான் 2021-ல ரேஷன் கார்டுக்கு நாலாயிரம் குடுத்தாங்களே சித்தப்பா" என்றேன்.

"குடுத்தாவ. இல்லங்கல. நாலாயிரத்துல அரிசி வாங்குவானா, மாத்திர வாங்குவானா, கடன அடைப்பானா? எவம்ல வளையல் வாங்குவான்?"

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். ரயில் சுரங்கத்துக்குள் போய் லைன் அறுந்து, மறுபடி அவரே கூப்பிட்டார்.

"அது கெடக்கட்டும். கட மூடிக் கெடந்த மாசத்துக்கெல்லாம் வாடகய யாருல குடுத்தா?"

அதையும் விசாரித்திருந்தேன். வாடகை பாக்கிக்காகக் கடைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று 2020-இல் சட்டம் போட்டார்கள். வட அயர்லாந்தில் அது 2022 மார்ச் வரை இருந்தது. பாக்கி மட்டும் அப்படியே ஏறிக்கொண்டிருந்தது.

"தள்ளித்தான் வச்சாங்க சித்தப்பா, தள்ளுபடி பண்ணலை."

"நம்ம பேங்க்காரன் ஆறு மாசம் தவணயத் தள்ளி வச்சுட்டு வட்டியப் போட்டான்லா, அது மாதிரி" என்றார். "சரி, வைக்கட்டா? காலைல வெள்ளன கட தொறக்கணும்."